இழந்தவன் அஞ்சுவானா, துணிவானா?

“சூடுகண்ட பூனை அடுப்பண்டை சேராது” என்பர் நம் பெரியோர். “தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன” என்றவரும் அவர்களே. ஒன்றுக்கொன்று மாறான இவ்விரண்டும் மெய்யே என்பதை நம் கடற்கரையின் வரலாறு காட்டுகிறது.

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. அங்கு வந்துகொண்டிருந்த ரயில் பயணிகளோடு அலையில் அமிழ்ந்தது. சிதைந்த பாம்பன் பாலம் பொறியாளர் ஸ்ரீதரனின் பொறுப்பில் 46 நாட்களில் சீரானது. ஆனால் தனுஷ்கோடிக்கு மீண்டும் ரயில் ஓடவில்லை; வாழத் தகாத இடமென அரசு அவ்வூரைக் கைவிட்டது. கூரை இழந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் அதற்குச் சாட்சி. மீனவரோ திரும்பி வந்தனர். ஓலைக் குடிசை கட்டி வலை வீசினர். சுங்க அலுவலகம் வேறிடம் போகலாம். மீனைத் தேடுபவன் கடலை விட்டு எங்கே போவான்?

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்த யாத்திரிகரும் அவர்களுள் அடங்குவர். பல வாரங்கள் எவரும் கடலில் இறங்கவில்லை. பின்னர் ஆண்கள் படகேறினர். ஆயினும் பல குடும்பங்கள் அலைக்கு எட்டாத் தொலைவில் கட்டப்பட்ட புது வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. கடலில் துணிந்தவரே கரையில் அஞ்சினர்! பிழைப்புக்காகத் துணிவு, பிள்ளைகளுக்காக அச்சம்.

அறிஞர் ஆய்வும் இதற்கு ஒத்ததே. இழந்ததை மீட்கத் தவிப்போர் பெரும் ஆபத்தையும் ஏற்பர் என்று 1979இல் கானமன், ட்வெர்ஸ்கி என்னும் இருவர் எழுதினர். தாய்லாந்தில் ஆழிப்பேரலை தாக்கிய சிற்றூர்களை ஆய்ந்தோரோ, அம்மக்கள் முன்னிலும் எச்சரிக்கை மிக்கோராய் இருக்கக் கண்டனர். கடன் மனிதனை முன்னே தள்ளுகிறது; நினைவு அவனைப் பின்னே இழுக்கிறது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, குமரி மாவட்ட மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. உயிர் தப்பியோரிலும் பலர் மீண்டும் கடலேறினர்.

ஆகவே, திரும்பவும் கடலுக்குப் போகிறவனை முரடன் என்றோ, மகனைப் போகவிடாத தாயைக் கோழை என்றோ நாம் இகழலாகாது. மீனவனின் வீரத்தைப் புகழ்ந்துவிட்டு, அவனைக் கடனோடு தனியே விடுவதும் அறமன்று. சேமிப்பும் காப்பீடும் கையில் ஒரு செய்திக் கருவியும் இருந்தால், போவதா நிற்பதா என்பதை அவனே முடிவு செய்வான். கடன் அவனுக்காக முடிவு செய்யாது.