114 பேரில் ஒருவர்

2021 ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள்தான் மலேசியப் பேரரசர் முன்னிலையில் பதவியேற்றிருந்தார் இஸ்மாயில் சப்ரி யாக்கோப். 2018 தேர்தலுக்குப் பிறகு நாடு கண்ட மூன்றாவது பிரதமர். கோவிட் தொற்று நாளொன்றுக்கு 20,000-ஐத் தாண்டியிருந்தது. அடுப்பெரிய வழியில்லாத வீடுகள் வாசலில் வெள்ளைத் துணி கட்டி உதவி கேட்ட காலம் அது.

அன்றைய முதல் உரையில்தான் ‘மலேசியக் குடும்பம்’ என்ற அழைப்பை விடுத்தார். இனம், மதம் கடந்து கைகோக்கச் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவர்களைத் தேசிய மீட்பு மன்றத்துக்கும் கோவிட் சிறப்புக் குழுவுக்கும் அழைத்தார். அழைக்காமல் இருக்கவும் முடியாது. மக்களவையின் 220 உறுப்பினர்களில் அவர் பக்கம் நின்றவர்கள் 114 பேர்தான். நாலு பேர் விலகினால் பெரும்பான்மை போய்விடும்.

அந்த 114 பேரில் சிகாமட் தொகுதி உறுப்பினரும் ஒருவர். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஆறாத புண். 2018-இல் ம.இ.கா. தலைவரும் சுகாதார அமைச்சருமான டாக்டர் எஸ். சுப்ரமணியத்தையே தோற்கடித்து, பி.கே.ஆர். வேட்பாளர் எட்மண்ட் சந்தாராவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2020 பிப்ரவரியில் அவர் பி.கே.ஆர். துணைத் தலைவர் அஸ்மின் அலியின் அணியோடு கட்சியைவிட்டு வெளியேறினார். பி.கே.ஆர். இடம்பெற்ற பக்காத்தான் ஹரப்பான் கூட்டணியின் ஆட்சி கவிழ்ந்தது. ஓட்டுப் போட்டவர்களை யாரும் கேட்கவில்லை.

ஒற்றுமை உரைகள் பெரும்பாலும் கைதட்டலோடு நின்றுவிடும். இந்த உரை நிற்காததற்குக் காரணம், செப்டம்பர் 13 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தில் அரசாங்கமும் எதிரணியான பக்காத்தான் ஹரப்பானும் கையெழுத்திட்ட உடன்படிக்கை. 2022 ஜூலை 31-க்கு முன் நாடாளுமன்றம் கலைக்கப்படாது. வரவுசெலவுத் திட்டத்தை எதிரணி கவிழ்க்காது. பதிலுக்குச் சீர்திருத்தங்கள் நடக்கும். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் அவற்றில் முக்கியமானது.

கெடுவுக்கு மூன்றே நாள் இருக்கையில், ஜூலை 28 அன்று, அந்த அரசமைப்புத் திருத்தம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 209. எதிர்த்து ஒருவரும் வாக்களிக்கவில்லை. அக்டோபர் 5 முதல், கட்சி மாறும் உறுப்பினர் பதவியை இழப்பார், தொகுதிக்கு இடைத்தேர்தல் வரும் என்றானது. ஆனால் கட்சியே நீக்கினால் பதவி போகாது. பெரிய ஓட்டைதான் அது. ஆனாலும் சிகாமட் வாக்காளர்களின் மனக்குறைக்கு இதைவிட நேரான பதிலை எந்த உரையும் தந்திருக்க முடியாது.

நவம்பர் 19 பொதுத்தேர்தலில் சிகாமட் மீண்டும் பி.கே.ஆரையே தேர்ந்தெடுத்தது, வென்றவர் யுனேஸ்வரன். ஐந்தாம் நாள் பி.கே.ஆர். தலைவர் அன்வார் இப்ராஹிம் பிரதமரானார். ஒற்றுமை அரசாங்கம் என்று பெயரிட்டு அவர் சேர்த்த கட்சிகளில், இஸ்மாயில் சப்ரியின் அம்னோவும் இருந்தது.