மெழுகுப் பதமும் விரிவாக்கப் பணியும்: காவிரிப் படுகையின் நெல் தரிசு உளுந்து

வேளாண் விரிவாக்க அலுவலரைச் சந்தித்த சிறு விவசாயி பல பயிர் செய்கிறார், வருமானமும் கூடுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் பல உண்டு. அந்த முடிவை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம். அலுவலர் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் போர்வெல்லும் கையிருப்பும் உள்ளவர் வயலில்தான். அலுவலர் வராவிட்டாலும் அவர் மாற்றுப் பயிரை முயன்றிருப்பார். ஆகவே விரிவாக்கத்தின் பயனைச் சந்திப்புகளின் எண்ணிக்கையில் அல்ல, பயிர் வேலை நடக்கும் நாட்களில் தேட வேண்டும். காவிரிப் படுகையின் நெல் தரிசு உளுந்து அதற்கு ஏற்ற களம்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28இல் மூடப்படும். பிறகு சம்பா, தாளடி வயலில் மிஞ்சும் ஈரம்தான் உளுந்துக்கு முதல். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள் ஏக்கருக்கு 10 கிலோ விதையை வீசுகிறார்கள். உழவில்லை, பாசனமில்லை. ஈரம் மிஞ்சினால் விதை அழுகும், குறைந்தால் முளைக்காது. பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பதே பெரிய செலவு.

ஆள் வைத்து அறுத்தவரை இது நன்றாக நடந்தது. அறுவடை இயந்திரம் வந்தபின் முளைத்த உளுந்து சக்கரத்தடியில் நசுங்குகிறது. வைக்கோல் குவிந்த இடத்தில் செடியே எழுவதில்லை. இப்போது விவசாயி கேட்பது புது ரகத்தை அல்ல. டயர் வண்டியா, பெல்ட் வண்டியா? அது என்றைக்கு வரும்? அறுத்த பிறகு விதைத்தால் ஈரம் தாங்குமா?

இக்கேள்விகளுக்கு விரிவாக்க அமைப்பு பழகவில்லை. 1970களில் உலக வங்கி ஆதரவுடன் பரவிய பயிற்சி–பார்வையிடல் முறை, 15 நாளுக்கு ஒருமுறை, பிறருக்குச் செய்தி கடத்தும் தொடர்பு விவசாயியைச் சந்திப்பது. பல மாதம் நிற்கும் நெல்லுக்கு அது பொருந்தியது. சில நாளே நிற்கும் மெழுகுப் பதமோ இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே வந்து போய்விடும். 2003இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில், விரிவாக்கப் பணியாளரிடம் தகவல் பெற்ற விவசாயக் குடும்பங்கள் 5.7 சதவீதம், இடுபொருள் வணிகரிடம் 13.1; முன்னோடி விவசாயிகளிடம் 16.7. செலவு குறைந்த உளுந்தைப் பரிந்துரைக்க உரக்கடைக்காரருக்கு என்ன அவசியம்? அரசுப் பணியாளர் தேவைப்படுவது இத்தகைய பயிருக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

சந்திப்புகளை எண்ணுவதில் உள்ள பிழையே வருமானக் கணக்கிலும். பயிர்ப் பன்முகக் குறியீடு விதைத்த பரப்பை எண்ணுகிறது. சக்கரத்தடியில் போன உளுந்தும் அதில் பன்முகமே. தப்பி விளைந்ததை விற்பதும் எளிதல்ல. நெல்லை வாங்க ஊருக்கருகே நேரடிக் கொள்முதல் நிலையம் இருக்கிறது. இரண்டு மூட்டை உளுந்தை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிப்போக வண்டி வாடகை கட்டுமா என்று யோசிப்பவர், களத்துக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கே அளந்துவிடுகிறார்.