பாடத் தேர்வும் திறந்த வாயிலும்

பெண்களுக்கு மொழியும் மனையியலும், ஆண்களுக்கு அறிவியலும் இயல்பாகவே பொருந்தும் என்பர் சிலர். வரலாறோ வேறு கூறுகின்றது. நாகப்பட்டினத்தில் 1844-இல் தோன்றிய தூய வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு வந்தது. அந்நகரில் மகளிர்க்கென ஹோலி கிராஸ் கல்லூரி எழுந்தது 1923-இல்.

கல்லூரி வாயில் திறந்த பின்னும் ஆய்வுக்கூட வாயில் அடைபட்டே இருந்தது. திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சர் சி.வி. இராமன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராயிருந்தபோது, 1933-இல் கமலா பாக்வத் என்னும் பட்டதாரியைப் பெண் என்பதாலேயே சேர்க்க மறுத்தார். அவர் விடாது வாதிட்டு இடம்பெற்று, 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். 1940-இல் அன்னா மணி இராமனின் ஆய்வுக்கூடத்திலேயே வைரத்தை ஆராய்ந்தார்.

மாணவி எப்பாடத்தை நாடினாள் எனக் கேட்குமுன், எவ்வாயில் அவளுக்குத் திறந்திருந்தது எனக் கேட்பதே முறை.