கொள்ளுப்பாட்டனின் சான்றிதழ்: நாடற்றவராக்கும் சட்டங்கள் பற்றிச் சில குறிப்புகள்

நாடு கடத்தல் என்றதும் போலீஸ், விலங்கு, கப்பல் இவைதான் நமக்கு ஞாபகம் வருகின்றன. அதெல்லாம் கடைசிக் காட்சி. அதற்கு வெகுகாலம் முன்பே, இருந்த இடத்தை விட்டு நகராத ஒரு மனிதனைச் சட்டம் அந்நியனாக்கி முடித்திருக்கும். அவன் அதே லயத்தில் தூங்குகிறான், அதே மலையில் கொழுந்து எடுக்கிறான். ஆனால் எந்த நேரமும் அனுப்பப்படலாம் என்ற நிலைக்கு வந்துவிடுகிறான். இந்த நிலை எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது என்பதுதான் என் கேள்வி. இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம்.

1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம். அதே ஆண்டு நவம்பர் 15இல் குடியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. இச்சட்டம் எந்த இனத்தையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. நாட்டில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் கொள்ளுப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவான விதி!

ஆனால் யாரிடம் சான்று கேட்கப்படும்? தென்பகுதிக் கிராமத்துச் சிங்கள விவசாயியிடமும் கொள்ளுப்பாட்டன் பிறந்ததற்குக் காகிதம் இருந்திருக்காது. என்னிடமும் இல்லை. உங்களிடம் இருக்கிறதா? விதி எல்லோருக்கும் பொது, சந்தேகம் மட்டும் சிலருக்கே உரியது. கங்காணி ஏத்திவிட்ட கப்பல்ல வந்தவனோட பேரனுக்கு ஏது சர்டிபிகேட்? அவன் கையில் இருந்த காகிதமெல்லாம் கடனைக் குறித்த 'துண்டு'தான். துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாத காலம் ஒன்று இருந்தது. உழைப்பாளியைக் கட்டிப்போட அன்றைக்குக் காகிதம் தேவைப்பட்டது. பிறகு அவனை வெளியேற்றவும் காகிதமே போதுமானதாயிற்று.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. 1946 ஜனவரிக்கு முன் திருமணமானவர் ஏழு ஆண்டு, மற்றவர் பத்து ஆண்டு இடைவிடாமல் வசித்ததாக நிரூபித்தால் குடியுரிமை என்றது. விண்ணப்பிக்க இரண்டே ஆண்டு அவகாசம். சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கடைசியில் கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. இதற்கிடையில், 1949இலேயே, குடிமக்களுக்கு மட்டுமே வாக்கு என்று தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள், பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்தவர்கள், 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. இதை வெறும் இனவாதம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. அமைப்பாகத் திரண்ட தொழிலாளி வர்க்கத்தின் வாக்குக்கு டி.எஸ். சேனநாயக்கா அரசு பயந்ததும் இதில் இருக்கிறது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தன் குடிமக்கள் யார் என்று ஒரு சட்டமன்றம் தீர்மானிப்பது இயல்பான, நியாயமான வேலைதான் என்று 1953இல் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் மேற்பரப்பில் இனத்தின் பெயர் இல்லை, ஆகவே பாரபட்சமும் இல்லையாம். யாழ்ப்பாணத் தலைமை என்ன செய்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இதை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். ஜி.ஜி. பொன்னம்பலம் மந்திரிசபையில் இருந்தார்.

அடுத்தது 1964 அக்டோபர் 30, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974இல் அந்த மீதியையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இனிமேல் பிறக்கப்போகும் பிள்ளைகளும் அந்தந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். ஏழு பேர் போனால் நாலு பேருக்கு இங்கே குடியுரிமை என்பது விகிதம். சந்தையில் மாடு பேசுவது மாதிரி இருக்கிறதல்லவா? சம்பந்தப்பட்ட சனங்களை இரண்டு அரசுகளும் கேட்கவில்லை.

இப்படி அனுப்பப்பட்டவர்களுக்கு நம் அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்புவதற்கு முதலில் அங்கிருந்து போயிருக்க வேண்டும். இவர்களில் பெரும்பாலோர் பிறந்ததே இலங்கையில். கடத்தல் என்ற சொல்லை மறைக்கத் தாயகம் என்ற சொல் உதவியது. அங்கே 'கள்ளத்தோணி' என்றார்கள். இங்கே நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் 'சிலோன்காரன்' ஆனார்கள்.

கதை இத்தோடு முடியவில்லை. 1984இல் போரால் தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களும் கலவரங்களுக்குத் தப்பிப் படகேறி வந்தார்கள். கப்பலில் வந்திருந்தால் குடிமகன். படகில் வந்ததால் அகதி. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 'சட்டவிரோதக் குடியேறி'. ஒரு காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளைச் சோதித்து அனுப்பிய மண்டபம் முகாமிலேயே அவர்களின் வாரிசுகள் அந்நியராக அடைபட்டார்கள்.

இலங்கை 2003இல் சட்டம் இயற்றித் தன் பக்கத்தில் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. இந்தியாவின் 2019 திருத்தம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்ற மூன்று நாடுகளோடு நின்றுகொண்டது. முஸ்லிம்களை அது விலக்கியது பற்றி நிறையப் பேசினோம், பேசத்தான் வேண்டும். இலங்கையை விட்டது பற்றிப் பேசியது குறைவு. அதே 2019 ஜூனில் இந்திய வம்சாவளித் தமிழரின் விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளையில் உயர்நீதிமன்றம் சொன்னது. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகா'மை 'மறுவாழ்வு முகாம்' ஆக்கியது. 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்தவர்களுக்கு ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து மத்திய அரசு விலக்கு அளித்தது. சிறை இல்லை என்பது ஆறுதல்தான். குடியுரிமையும் இல்லையே!

முகாமில் பிறந்த பிள்ளைகளைப் பாருங்கள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகவும் இருக்கக் கூடாது. 1948இல் கொழும்பு கேட்ட அதே கேள்வியை இன்று டெல்லி கேட்கிறது: உன் அப்பன் யார், காகிதம் எங்கே?

இலங்கையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமக்குச் சுலபம். 1964இல் கையெழுத்திட்டவர்கள் இரண்டு பேர். கொடுத்த வாக்கில் இந்தியா பாக்கி வைத்திருப்பதைக் கேட்க வேண்டியவர்கள் முகாமுக்கு வெளியே, வாக்குரிமையோடு இருக்கிற நாம்தான். கருணை என்ற பேச்சே வேண்டாம். ஒப்பந்தத்தை எடுத்து மேசையில் போட்டுக் கேட்போம்.