சிறுநீரகத்தில் விழும் வடு: ஒரு சிறு வரலாறு



லா சப்பலில் எங்கள் ஆக்கள் இரண்டு பேர் சந்தித்தால், சுகம் விசாரித்த கையோடு 'சீனி'யும் 'பிறசர்'உம் கதைக்குள் வந்துவிடும். அவை இரண்டும் சிறுநீரகத்தில் என்ன செய்கின்றன என்பதை நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். இந்த நோயின் வரலாற்றைப் படித்தபோது அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1827இல் லண்டன் கைஸ் வைத்தியசாலையின் ரிச்சர்ட் பிறைற், உடல் வீங்கிய நோயாளர்களைப் பற்றி எழுதினார். அவர்களின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்துச் சூடாக்கினால் முட்டை வெள்ளைக்கரு போல உறைந்தது. அதில் புரதம் கசிந்திருந்தது. அவர்கள் இறந்தபின் வெட்டிப் பார்த்தபோது பலரின் சிறுநீரகங்கள் சுருங்கிக் கடினமாகியிருந்தன.

இந்தக் கடினத்துக்கு முக்கிய காரணம் கொலாஜன் என்ற புரதம். கிரேக்க மொழியில் அதற்குப் 'பசையைத் தருவது' என்று பொருள். ஊரில் தச்சர்மார் மரம் ஒட்டிய வச்சிரம், தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த இதே பொருள்தான். கொலாஜன் கெட்டதல்ல. தோலையும் எலும்பையும் தாங்கிப் பிடிப்பதும் காயத்தை மூடுவதும் அதுதான். ஒரு முறை கை வெட்டுப்பட்டால் காயம் ஆறியதும் அதன் வேலை முடிந்துவிடும். ஆனால் சீனியும் பிறசரும் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளை நாள்தோறும் காயப்படுத்தினால், வடுவுக்கு மேல் வடு விழும். வடு இரத்தத்தை வடிகட்டாது.

உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தில் ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்க்கும் முறையை 1951இல் கொப்பன்ஹேகனில் ஐவர்சனும் பிறுனும் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு, நத்தார் இரவில், எங்கள் பாரிஸின் நெக்கர் வைத்தியசாலையில் ஜான் அம்பூர்ஜேயின் குழு, மரியுஸ் ரெனார் என்ற 16 வயது இளைஞனுக்குத் தாயின் சிறுநீரகத்தைப் பொருத்தியது. சாரத்திலிருந்து விழுந்ததில் அவன் தன் ஒரே சிறுநீரகத்தை இழந்திருந்தான். தாய் கொடுத்தது மூன்று வாரம் வேலை செய்தது. பின்னர் உடல் அதை ஏற்க மறுத்தது. 1953 ஜனவரியில் அவன் இறந்தான். இன்று மாற்றுச் சிறுநீரகத்தோடு பலர் நீண்டகாலம் வாழ்கிறார்கள். ஆனால் அதிலும் காலப்போக்கில் வடு விழலாம்.

இந்த வரலாற்றில் எங்கள் நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. தலைமன்னார்ப் புகையிரதப் பாதை பிரியும் மதவாச்சியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1990களில் அந்தப் பகுதியிலும் பதவியாவிலும், சீனியோ பிறசரோ இல்லாத விவசாயிகளின் சிறுநீரகங்கள் பழுதாவதை வைத்தியர்கள் கவனித்தார்கள். துணுக்கை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அங்கேயும் வடுதான். குடிதண்ணீர், விவசாய இரசாயனங்கள், வெயில் வேலை எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. எந்தக் காரணத்தால் தொடங்கினாலும் நோய் வந்து முடியும் இடம் ஒன்றே.

1990இல் அமெரிக்காவில் வெய்ன் போடரின் குழு, இந்த வடுவைத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுத்தால் எலிகளில் வடு குறைவதைக் காட்டியது. 1993இல் கப்டோபிரில் என்ற பிறசர்க் குளிசை, சில நீரிழிவு நோயாளரில் சிறுநீரகம் பழுதாவதை மெதுவாக்குவது தெரிந்தது. 2020இல் டபாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவுக் குளிசை, நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளர்களுக்கும் உதவுவது தெரிந்தது. ஆனால் முற்றிய வடுவை அழித்துப் பழைய சிறுநீரகத்தைத் திருப்பித் தரும் மருந்து இன்னும் இல்லை.

கணக்கியலில் இதைப் பெறுமானத் தேய்வு என்போம். இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் ஏட்டில் அதன் மதிப்பு ஆண்டுதோறும் இறங்கும். சிறுநீரகமும் பெரும்பகுதி போகும்வரை நோகாது. அதன் ஏட்டைப் பார்க்க இரண்டு பரிசோதனைகள் உண்டு: சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியற்றினின். சீனியோ பிறசரோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இவற்றைச் செய்யக் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். நாரி நோகுது, முழங்கால் நோகுது என்று நோக் குளிசைகளை நீங்களாகவே தொடர்ந்து போடாதீர்கள். கால் வீங்கும்வரை காத்திருந்தால், பிறைற் 1827இல் கண்ட கட்டத்துக்கே நாங்களும் போய்விடுவோம்.