செம்மண் தோட்டமும் கிணற்று நீரும்: யாழ்ப்பாண மரக்கறிச் செய்கையில் மண்வளம்

1. ஆய்வின் எல்லை

இக்கட்டுரை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், கோப்பாய், உரும்பிராய், இணுவில், புன்னாலைக்கட்டுவன் போன்ற ஊர்களில், கிணற்று இறைப்பை நம்பி மரக்கறி செய்யும் சிறு தோட்டங்களைப் பற்றியது. கணக்குகள் யாவும் ஒரு பரப்புக்கு உரியவை. ஒரு பரப்பு 10 பேர்ச், ஏறத்தாழ 253 சதுர மீற்றர். 16 பரப்பு ஓர் ஏக்கர். இங்கிலாந்தில் உள்ளூராட்சி மன்றங்கள் நகரத்தாருக்கு வாடகைக்கு விடும் காய்கறித் துண்டின் மரபளவும் இதே 10 பேர்ச்தான். இலண்டனில் அப்படியொரு துண்டு எடுத்துக் கீரை போடும் நம்மவர், ஊர்க் கணக்கிலேயே அதை அளந்துகொள்ளலாம்.

இம்மண்ணில் பசளை போதாது என்ற முறைப்பாடு பொதுவானது. என் கருத்து வேறு. இட்ட பசளையைப் பிடித்துவைக்கும் சக்திதான் இங்கே குறைவு. பிடிப்பில்லாத மண்ணில் போடும் பசளையில் ஒரு பங்கு பயிருக்கும் இன்னொரு பங்கு கிணற்றுக்கும் போகிறது. ஆகவே மண்வளத்தைக் குடிநீரிலிருந்து பிரித்துப் பேச முடியாது.

2. மண்ணின் இயல்பு

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். அதன்மேல் வலிகாமத்தில் படிந்திருப்பது செம்மண். இரும்பு ஒட்சைட்டு அதற்கு நிறம் தருகிறது. சில காணிகளில் ஆழமாகவே கிடக்கும். சிலவற்றில் ஓரடி தோண்டுமுன் மண்வெட்டி கல்லில் முட்டும். நீர் விரைவில் வடிவதால் மழை விட்ட மறுநாளே காணிக்குள் இறங்கி வேலை செய்யலாம். தோட்டக்காரர் இதை வரமாகக் கருதுவது நியாயம். ஆனால் அதே வடிகாலின் வழியே ஊட்டமும் இறங்குகிறது. இம்மண்ணின் களித்துகள்கள் ஊட்டத்தைப் பற்றிக்கொள்ளும் திறன் குறைந்தவை. பற்றும் வேலையின் பெரும்பகுதியைச் சேதனப் பொருள்தான் செய்யவேண்டும். ஆண்டு முழுதும் வெப்பமும், அடிக்கடி கொத்திப் புரட்டுதலும், நாள் தவறாத இறைப்பும் சேர்ந்து அந்தச் சேதனப் பொருளை விரைவில் எரித்துவிடுகின்றன.

3. சேதனப் பொருள்

3.1 ஓலை தாட்டல்

பனையோலையைத் தோட்டத்தில் தாட்டல் யாழ்ப்பாணத்தின் பழைய வழக்கம். கூரையிலிருந்தும் வேலியிலிருந்தும் இறக்கிய பழைய ஓலையைச் சால் வெட்டி அடுக்கி, மண் மூடி, மாரி மழையில் ஊறவிடுவார்கள். கிழக்கிலிருந்து மேற்காகவோ வடக்கிலிருந்து தெற்காகவோ வரிசை போட்டு, மறுமுறை இடைவெளியில் தாட்டு, சில ஆண்டுகளில் முழுக் காணியையும் சுற்றி வந்துவிடுவார்கள்.

இதன் பயனைக் காண ஓலை தாட்ட பழைய சால் ஒன்றை மண்வெட்டியால் குறுக்கே வெட்டிப் பார்த்தால் போதும். இரண்டு போகம் கடந்த ஓலை, கையில் எடுத்தால் பொடிந்துவிடும். ஈர்க்கு மட்டும் கறுத்த நாராக எஞ்சும். கத்தரியின் வெள்ளை வேர்கள் அந்த நார்களுக்கிடையே படர்ந்திருக்கும். சுற்றிலும் மண் காய்ந்திருக்கும்போதும் அந்த இடம் மட்டும் குளிர்ந்து ஈரமாக இருக்கும். பனையோலை மெதுவாக உக்குவதே அதன் பெருமை. பூவரசு, கிளிரிசிடியாக் குழைகள் சில வாரங்களில் கரைந்து பயிருக்கு உடனே நைதரசன் தரும். ஆனால் அடுத்த போகத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம். ஓலையில் நைதரசன் சொற்பம்; அது கொடுப்பது மண்ணின் கட்டமைப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். காபன் மிகுந்து நைதரசன் குறைந்த பொருளை நுண்ணுயிர்கள் உக்கச் செய்யும்போது தமக்கு வேண்டிய நைதரசனை மண்ணிலிருந்தே எடுக்கும். ஓலை தாட்ட கையோடு கன்று நட்டால் கன்று மஞ்சளித்து நிற்பது இதனால்தான். ஓலையோடு பச்சைக் குழையோ சாணமோ கலந்து தாட்டால், அல்லது மாரிக்கு முன் தாட்டுப் பின்னர் நட்டால் இந்தத் தொல்லை இராது. முன்னோர் இரண்டையும் செய்தார்கள்.

இந்த வழக்கம் தேய்ந்ததற்குத் தோட்டக்காரரின் சோம்பலைக் குறை சொல்வது பிழை. ஓலைக் கூரை ஓடும் சீற்றுமாகியது. கிடுகு வேலி மதிலாகியது. ஆண்டுதோறும் வேலி அடைக்கும்போது இறங்கிய பழைய ஓலை நின்றுபோனது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் பெருவாரியாகத் தறிக்கப்பட்டன. வீட்டின் கழிவு தோட்டத்தின் உணவாகும் ஓட்டம் இப்படி அறுந்தது.

3.2 பட்டி

அறுவடை முடிந்த காணியில் இரவில் மாட்டையோ ஆட்டையோ பட்டி அடைத்து, சில நாட்களுக்கொருமுறை இடம் மாற்றுவது இரண்டாவது வழி. சாணத்தோடு சிறுநீரும் நேரே மண்ணுக்குப் போவதே இதன் சிறப்பு. குவித்து வெயிலில் காயவிட்ட எருவில் சிறுநீரின் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும்.

3.3 எவ்வளவு வேண்டும்

ஒரு பரப்பின் மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணின் நிறை ஏறத்தாழ 53 தொன். சேதனப் பொருளை ஒரு வீதம் உயர்த்த 530 கிலோ சேதனப் பொருள் மண்ணில் நிலைத்து நிற்கவேண்டும். ஆண்டுக்கு 500 கிலோ எரு இடுகிறோம் என்று கொள்வோம். பாதி ஈரம், மிச்சத்தில் மண்ணும் மணலும் கலந்திருக்கும், மீதியில் பெரும்பங்கு ஓராண்டுக்குள் எரிந்துவிடும். தாராளமாகக் கணக்கிட்டாலும் 50 கிலோவுக்கு மேல் நிற்காது. ஆகவே "எரு போட்டும் மண் மாறவில்லையே" என்று இரண்டு போகத்தில் சலிப்பவர் எதிர்பார்த்தது மண்ணால் தரமுடியாதது. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வு நிலையத்தில் 1843 முதல் நடக்கும் புரோட்பாக் பரிசோதனையில், ஆண்டுதோறும் எரு பெறும் துண்டின் காபன் எரு இடாத துண்டினதைப்போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அதுவும் குளிர்நாட்டில், தலைமுறைகள் கடந்து. நம் வெயிலில் மேலே மூடாக்கு இட்டு, கொத்துவதைக் குறைத்து, எரிதலைத் தணிப்பது எரு இடுவதற்குச் சமமான வேலை.

4. நைதரசன்

4.1 கிணற்றுக் கணக்கு

யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஈர மண்ணில் அது முதலில் அமோனியமாகும். காரத்தன்மையுள்ள நம் மண்ணின் மேற்பரப்பில் தூவிவிட்டு மூடாமல் விட்டால் ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடும். எஞ்சியதைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக்கும். நைத்திரேற்றை இம்மண் பிடிக்காது; நீர் போகும் வழியே போகும். கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல், அதற்குள் நாம் குடிக்கும் நீர்.

ஒரு கிலோ யூரியா முழுதும் நைத்திரேற்றாகி இறங்கினால், தூய நீர் 40,000 லீற்றரை உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்குக் கொண்டுவந்துவிடும். கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசன் சுமக்கும் திறனை நைத்திரேற்று குறைக்கும் என்பதாலேயே அந்த எல்லை வைக்கப்பட்டது. வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் காட்டிவருகின்றன. மலக்குழிகளுக்கும் இதில் பங்குண்டு. பழி தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல.

இக்கணக்கைத் திருப்பியும் போடலாம். அரிதாகவே அப்படிச் செய்கிறோம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுள்ள கிணற்றிலிருந்து, நாளுக்கு 5 மில்லிமீற்றர் வீதம் 100 நாள் ஒரு பரப்புக்கு இறைத்தால், ஏறத்தாழ 126,000 லீற்றர் நீர் போகிறது. அதில் 1.4 கிலோ நைதரசன் இருக்கும்; யூரியாக் கணக்கில் 3 கிலோ. கிணறு 100 மில்லிகிராம் காட்டினால் 6 கிலோ. இறைக்கும் நீரே ஒரு பசளை. அதைக் கழிக்காமல் சிபாரிசு அளவு முழுவதையும் இடுவது காசையும் நீரையும் ஒருசேரப் பாழாக்குவது. அரை அரையாகவோ கால் காலாகவோ பிரித்து, வேருக்குப் பக்கத்தில் இட்டு மண் மூடி, அளவாக இறைப்பதே வழி. வெங்காயத்தின் வேர் மேலாகவே நிற்கும். அதைத் தாண்டி இறங்கிய நீர் பயிருக்குத் திரும்பாது. மாரி மழை கறுக்கும்போது யூரியா தூவுவது கிணற்றுக்குப் பசளை போடுவதுதான்.

4.2 2021இன் பாடம்

2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் தளர்த்தியது. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன். கூட்டெருவில் ஒரு வீத நைதரசன் என்றும், முதற்போகத்தில் அதில் மூன்றிலொன்று விடுபடும் என்றும் கொண்டால், அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக 7 தொன் கூட்டெரு வேண்டும். அவ்வளவு எருவை ஒரு போகத்துக்குள் எங்கிருந்து கொண்டுவருவது? சேதனப் பசளையின் நன்மையில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஆண்டுகள் வேண்டும். கட்டளையால் அது நடவாது.

5. காரத்தன்மை

வேறு நாட்டுத் தோட்ட நூல்கள் மண்ணுக்குச் சுண்ணாம்பு இடச் சொல்லும். இங்கே அது தேவையில்லாதது மட்டுமன்றித் தீங்கானது. அடுப்புச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு, காரமும் உண்டு. கூட்டெருக் குவியலில் சிறிது சேர்ப்பதோடு நிறுத்துவது நல்லது. கல்சியம் மிகுந்த மண்ணில் பொசுபரசு கட்டுண்டு கிடக்கும்; இரும்பும் நாகமும் வேருக்கு எட்டா. இளம் இலை நரம்பு பச்சையாக நிற்க இடை மஞ்சளித்தால் இரும்புக் குறை. அடியிலையிலிருந்து மஞ்சளித்தால் நைதரசன் குறை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மஞ்சளைக் கண்டதும் யூரியா போடுவது பரவலான வழக்கம். இரும்புக் குறைக்கு லீற்றருக்கு 5 கிராம் பெரசு சல்பேற்று கரைத்து இலையில் தெளிப்பது உடனடி மருந்து.

6. பயிர் மாற்று

வெங்காயம், கத்தரி, தக்காளி, மிளகாய் என்று பணப்பயிரையே திருப்பித் திருப்பிச் செய்தால் வேர்முடிச்சுப் புழு பெருகும். இடையில் ஒரு போகம், பூக்குமுன் மடக்கி உழும் சணல் நன்று.

7. குத்தகை

மேற்சொன்ன எதற்கும் அறிவுக்குறை பெரிய தடையல்ல. ஓலை தாட்டுப் பயன் காண மூன்றாண்டு வேண்டும். காணியோ பல இடங்களில் ஓராண்டுக் குத்தகை. இன்று தாட்ட ஓலையின் விளைச்சலை அடுத்த குத்தகைக்காரன் எடுப்பான் என்றால் எவரும் தாட்கமாட்டார். யூரியா மட்டும் அதே போகத்தில் பணமாகத் திரும்பும். குத்தகையை ஐந்தாண்டாக்கி, மண்ணுக்கு இட்ட எருவுக்கும் ஓலைக்கும் ஈடாக வாடகையில் கழிவு தரும் உடன்படிக்கையைக் காணிச் சொந்தக்காரர் ஒப்புக்கொள்வாரா என்பதை ஒரு கமக்காரர் அமைப்பு ஓர் ஊரிலேனும் பரீட்சித்துப் பார்க்கலாம். காணி அவருடையது என்றாலும், பக்கத்துக் கிணற்றில் குடிப்பது பெரும்பாலும் அவர் வீட்டாரும்தான்.