திரையில் நாடி பிடிக்க முடியுமா?

1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற ஆயுர்வேத பண்டிதர் சாஸ்திரத் தடையை மீறி மனித உடலை அறுத்துப் பாடம் கற்பித்தார். அன்று வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக் கூட ஒரு கதை உண்டு. பீரங்கியை விடுங்கள். ஏட்டில் படித்த உடம்பு போதாது, கை வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு பண்டிதருக்கே தோன்றியது, பாருங்கள், அதுதான் விஷயம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வண்டி நேர் எதிர்த் திசையில் ஓடியது. நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். மாணவர்கள் வீட்டு மூலையில் செல்போனும் கையுமாக உட்கார்ந்தார்கள். தரம் சரியில்லை என்று புகார் வந்தபோதெல்லாம் பேச்சு நெட் வேகத்தைப் பற்றியும் மென்பொருளைப் பற்றியுமே இருந்தது. எனக்கு இது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

ஏனென்றால் தூரத்திலிருந்து மருத்துவம் சொல்லித் தருவது நமக்குப் புதிதில்லை. லக்னோ எஸ்.ஜி.பி.ஜி.ஐ.யில் நாளமில்லாச் சுரப்பி அறுவை நிபுணர் எஸ்.கே. மிஸ்ரா போன்றவர்கள், இஸ்ரோ செயற்கைக்கோள் உதவியுடன், 2000-களின் தொடக்கத்திலேயே ஒடிஷாவின் கட்டாக் மருத்துவக் கல்லூரிக்கு வகுப்பு எடுத்தார்கள். 2004-ல் கல்விக்கென்றே எஜுசாட் பறந்தது. அப்போதைய இணைப்பு இன்றைய செல்போனுக்கு உறை போடக் காணாது. ஆனால் கட்டாக்கில் வார்டு இருந்தது, நோயாளி இருந்தார், பக்கத்திலேயே ஓர் ஆசிரியரும் இருந்தார். லக்னோ அதற்கு மேல் ஒரு துணை. 2020-ல் துணை மட்டும் மிஞ்சியது, வார்டு காணாமல் போனது.

எங்கள் தொழிலில் கள்ளநோட்டுப் பயிற்சி உண்டு. படம் போட்டு எத்தனை மணி நேரம் விளக்கினாலும், அச்சின் மேடு விரலில் தட்டும்போதுதான் கேஷியருக்குப் பிடிபடும். கல்லீரல் வீக்கமும் அப்படித்தானே?

ஆனால் எல்லாமே கை வேலை இல்லை. ஈ.சி.ஜி.யையும் எக்ஸ்ரேயையும் முதல் நாளே அனுப்பி, ஒவ்வொருவரும் தன் முடிவை எழுதிய பிறகு வகுப்பைத் தொடங்கலாம். ஒரு மாணவர் நோயாளியாக நடிக்க, இன்னொருவர் நோய் வரலாறு கேட்க, ஆசிரியர் நடுவில் மடக்கலாம். எட்டுப் பத்துப் பேர் இருந்தால் இது திரையில் நன்றாகவே நடக்கும். இருநூறு பேருக்கு ஸ்லைடு வாசிப்பதுதான் தண்டம். எதைத் திரைக்கு விடலாம் என்று புதிதாகக் கமிஷன் போடவும் தேவையில்லை. 2019-ல் வந்த பாடத்திட்டமே, எது தெரிந்திருந்தால் போதும், எதைச் செய்து காட்ட வேண்டும், எதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று திறன்வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது.

இப்படிப் பிரிக்காமல் விட்டதன் விலையைக் கட்டியவர்கள் சீனாவில் படித்த நம் பிள்ளைகள். கொரோனாவால் ஊர் திரும்பி, மிச்சப் படிப்பை ஆன்லைனில் முடித்தவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், செய்முறைப் பயிற்சிக்கு ஆன்லைன் ஈடாகாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடவே இவர்களுக்கு ஒரு வழி செய்யும்படி தேசிய மருத்துவ ஆணையத்திடம் சொன்னது. ஜூலையில் வழி பிறந்தது. 2022 ஜூன் 30-க்குள் படிப்பை முடித்திருந்தால் தேர்வு எழுதலாம், ஆனால் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி ஒரு வருடமல்ல, இரண்டு வருடம்.